மரவள்ளிக் குச்சியில் கட்டிய மரக்கன்றுகள்

2008 ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிறு. காலை ஆறரை மணிக்குக் கொழும்பு புறக்கோட்டையில் அவிசாவளை பஸ் ஏறினோம். பல்கலைக்கழகச் சுற்றாடல் கழகத்தினர் எட்டுப் பேர், மடியில் முப்பது மரக்கன்றுகள். வாடகைக்கு வான் பிடித்திருந்தால் சுகமாகப் போயிருக்கலாம். ஆனால் வீணாக டீசல் எரிப்பதில்லை, பொலித்தீன் பை வாங்குவதில்லை, லைட்டை அணைக்காமல் அறையை விட்டுப் போவதில்லை என்று அந்தத் தவணை முழுவதும் ஊருக்கு உபதேசம் செய்துகொண்டிருந்தோம். கன்றுகளே பொலித்தீன் பைகளில்தான் வந்திருந்தன. அதைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை.

அவிசாவளையில் பஸ் மாறி, சுமார் பத்துக் கிலோமீட்டரில் தெஹியோவிட்ட. ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு, இறப்பர் மரங்களுக்கு நடுவே தோட்டத்துக்கு ஏறினோம். தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் ஏற்கெனவே அனுமதி வாங்கியிருந்தோம். கணக்கப்பிள்ளை எங்களைத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்தின் பின்பக்கம் கூட்டிப்போய், வெறுமையாகக் கிடந்த நிலத்தைக் கைகாட்டிவிட்டுப் போனார்.

மண் புட்டு மாதிரி உதிர்ந்தது. “நமக்காகவே காத்திருந்த மண்” என்று தலைவன் காவிந்த சிங்களத்தில் பெருமைப்பட்டான். சுவரோரம் ஒரு கட்டுக் குச்சி சாத்தியிருந்தது. கன்றுக்கு ஒன்றாக ஊன்றிக் கட்டினோம். அப்புறம் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம்.

லயத்து வாசலில் நின்று ஒரு பெண் ஆரம்பம் முதல் பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் பரமேஸ்வரி. எட்டுப் பேருக்கும் அவள்தான் தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். எங்களில் தமிழ் பேசுகிறவன் நான் ஒருவன்தான். டம்ளரை வாங்கும்போதுதான் முதன்முதலாக அவளோடு பேசினேன்.

“அக்கா, இந்தக் கன்னுகளுக்குக் கொஞ்சம் தண்ணி ஊத்துவீங்களா?”

“ஊத்துறோம் தம்பி. எடத்த எடுக்கப்போறாங்கன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா நாங்க மண்ண கொத்தியிருக்க மாட்டோம்.”

“யாரு எடுக்கப்போறாங்க?”

“தோட்டந்தான். மரத்த வச்சுட்டா எடம் போச்சுன்னுதானே அர்த்தம்? நீங்க கட்டியிருக்கிறதும் எங்க மரவள்ளிக் குச்சிங்க. இன்னைக்கு நடத்தான் வெட்டி வச்சிருந்தோம்.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே அக்கா?”

“கணக்கப்புள்ளையே கூட்டியாந்து காட்டுறாரு. நாங்க எப்படி வேணாம்னு சொல்றது?”

கையில் டம்ளர் சுட்டது. அதைக் கீழே வைக்கவும் வெட்கமாக இருந்தது. ஒரு குடும்பம் குனிந்து கொத்தின மண்ணில் நோகாமல் குழி தோண்டிவிட்டு அதற்குப் போட்டோவும் எடுத்திருந்தோம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்க வேண்டும் என்று என் புத்தியில் படவில்லை.

காவிந்தவிடம் சொன்னேன். அவன் முகம் சுருங்கியது. உட்கார்ந்து முதல் கன்றை மண்ணோடு பெயர்த்தான். மற்றவர்களும் குனிந்தோம்.

“ஐயோ, புடுங்காதீங்க தம்பி! நாங்கதான் புடுங்கச் சொன்னோம்னு அவரு நெனைப்பாரு” என்று பரமேஸ்வரி பதறினாள்.

அவள் பயந்தபடியே கணக்கப்பிள்ளை வந்தார். இந்த மண்ணுக்கு இந்த மரங்கள் சரிவராது, தெரியாமல் கொண்டுவந்துவிட்டோம் என்று காவிந்த அவரிடம் சிங்களத்தில் சொன்னான். “படிச்ச புள்ளைங்களுக்கு இதுகூடத் தெரியாதா?” என்று அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். அந்தத் திட்டு எங்களுக்கு வேண்டியதுதான்.

அவிழ்த்த குச்சிகளையும் பிடுங்கப் போனோம். “அத விட்டுருங்க, அது மொளைச்சுக்கும்” என்றாள் பரமேஸ்வரி. அன்று நாங்கள் நட்டதில் அங்கே மிஞ்சியது அவளுடைய குச்சிகள்தான்.

மாலை பஸ்ஸில் கூட்டம். பூமியைக் காப்போம் என்று அச்சடித்த எங்கள் துணிப்பைகளிலிருந்து கன்றுகள் எட்டிப் பார்த்தன. கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் நகர்ந்து பைகளுக்கு இடம் கொடுத்தாள். “மரம் நடப் போகிறீர்களா? பெரிய புண்ணியம்” என்று சிங்களத்தில் சொன்னாள். காவிந்த தலையாட்டினான். நானும் ஆட்டினேன்.

கொழும்பு வெள்ளவத்தையில் என் குடும்பம் இருப்பது மூன்றாம் மாடியில். எங்களுக்கென்று ஒரு சாண் மண் கிடையாது. ஆனாலும் எங்கள் கதவைத் தட்டிக் கேட்காமல் ஒருவரும் ஒரு பூச்சட்டிகூட உள்ளே வைத்துவிட முடியாது.