கறிவேப்பிலைச் செடிக்குக் காவல்

கடலூர் - சிதம்பரம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பெயர் தேவநாதன். டிக்கெட் வாங்காதவனை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவேன் என்று டிப்போவில் பேச்சு. வீட்டில் அந்தப் பேரெல்லாம் கிடையாது. டூட்டிக்குக் கிளம்பும்போது மகள் ரேகா தூங்கிக்கொண்டிருப்பாள். திரும்பி வரும்போதும் தூங்கிக்கொண்டிருப்பாள். "இவர நம்பி ஒரு செடியக்கூட விட முடியாது" என்பாள் மனைவி திலகவதி.

நான் ஓய்வு பெற்ற பிறகு, 2012இல் விட்டாள். 'தானே' புயலில் முருங்கை, வாழை எல்லாம் போய், முறிந்த கறிவேப்பிலை மட்டும் கொல்லையில் மறுபடி தளிர்த்திருந்தது. சிதம்பரத்தில் ரேகாவுக்கு இரண்டாவது பிரசவம். மாப்பிள்ளைக்குத் தாய் இல்லாததால் திலகவதி கிளம்பினாள். "செடிய பாத்துக்குங்க. தண்ணி ஜாஸ்தி ஊத்தாதீங்க." இந்த ஒன்றையாவது வளர்த்துக் காட்ட வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்துவிட்டது.

சில நாளில் இலையெல்லாம் பறவை எச்சம். குருவிகளுக்கு என்ன திமிர்! பழைய கேசட் நாடாவை உருவிச் செடியைச் சுற்றிக் கட்டினேன். காற்றில் அது விர்ரென்று அலறியது. ஒரு குருவி அண்டவில்லை. பெருமையாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தபோது எச்சம் ஒன்று நகர்ந்தது.

கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். எச்சமில்லை, புழு. எல்லாமே புழு. அவற்றைத் தின்ன வந்த குருவிகளைத்தான் விரட்டியிருக்கிறேன். ஒன்றைக் கிள்ளப் போனேன். தலையிலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பை நீட்டியது. நாற்காலியோடு விழுந்தேன். அதன்பிறகு அவை நிம்மதியாகச் சாப்பிட்டன. செடி மொட்டை. புழுக்கள் போன இடம் தெரியவில்லை; ஒன்று மட்டும் காம்பில் கூடாகத் தொங்கியது.

இதற்குள் பேத்தி பிறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. "எப்ப வர்றீங்க?" என்று போனில் கேட்டாள் திலகவதி.

"செடிய யாரு பாத்துக்கறது?" என்றேன், மொட்டைக் குச்சியைப் பார்த்துக்கொண்டே. வெட்கம்தான், வேறென்ன. கூட்டிலிருந்து வண்ணத்துப்பூச்சி வருவதைக் கண்ணால் பார்த்துவிட்டால், 'இதை நான் வளர்த்தேன்' என்றாவது சொல்லிக்கொள்ளலாமே! சோறு தண்ணியைக்கூட அதன் எதிரிலேயே வைத்துக்கொண்டேன்.

மாற்றுப் புடவை எடுக்க வருவதாக அவள் சொல்லியிருந்த நாளன்று காலை, திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டுக்கு ஓடினேன். கட்டுக்கட்டாகக் கறிவேப்பிலை வாங்கிவைத்து, உனக்காகப் பறித்தேன் என்று சொல்லத் திட்டம். அரசாங்க உத்தியோகம் பார்த்த மூளை!

திரும்பி வந்தால் கொல்லையில் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தாள் திலகவதி. முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். காம்பில் வெறுங்கூடு.

"இப்பதான் பறந்துச்சி. கறுப்பும் மஞ்சளுமா, ரொம்ப நேரம் றெக்கைய காய வச்சிக்கிட்டு இருந்துச்சி."

"அய்யோ, செத்த நேரம் இருந்திருக்கக் கூடாதா?"

"நீங்க வர்ற வரைக்கும் நிக்கிறதுக்கு அது என்ன பஸ்ஸா?" என்றாள். செடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "ரேகா பொறந்தப்பவும் டூட்டிதான். இப்ப புள்ளைக்கு மொகம் பார்த்து சிரிக்க வந்துடுச்சி. அவுங்க தாத்தா இன்னும் வரல."

கையிலிருந்த கறிவேப்பிலைக் கட்டுகளைக்கூடக் கீழே வைக்காமல் அவளோடு பஸ் ஏறினேன்.

சிதம்பரத்தில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். "வாங்கப்பா, சாப்பிடுங்க" என்றாள் ரேகா.

"இரும்மா, இவ கண்ண முழிக்கட்டும்" என்று தூளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.