கவுண்டருக்கு வந்து சேர்ந்த ரோமானியன்

பேருந்து நிலையத்தில் தொலைந்த பொருள் கவுண்டரைப் பார்த்துக்கொள்பவருக்கு முசுடு என்று பெயர். அவர் காதில் விழும்படியேதான் சொல்வார்கள். குடையைத் தேடி யாராவது வந்தால், "வெயில் அடிச்சப்போ அது ஞாபகம் வரல, இப்போ தூறினதும் ஓடி வந்துட்டீங்க" என்று ஒரு குத்துக் குத்திவிட்டுத்தான் அலமாரியைத் திறப்பார்.

மனிதர்களைப் பிடிக்காத முசுட்டுக்கு ஒரே ஒரு ஆளைப் பிடித்துப்போனது. அந்த ஆள் செத்து இரண்டாயிரம் வருஷமாகிவிட்டதால் எதிர்த்துப் பேச வழியில்லை. லத்தீனில் தத்துவம் எழுதிய ஒரு ரோமானியன். பழுப்பு அட்டைப் புத்தகமாக ஏதோ ஒரு பேருந்தின் கடைசி இருக்கையில் கிடந்து, கவுண்டருக்கு வந்து சேர்ந்தான். கேட்க நாதியில்லை. வருஷம் ஒன்று கடந்தால் எல்லாம் ஏலத்துக்குப் போகவேண்டும் என்பது விதி. குடைகள் போயின, ஒற்றைச் செருப்புகள் போயின, ஒரு பல்செட்கூடப் போயிற்று. புத்தகம் மட்டும் முசுட்டின் இழுப்பறைக்குப் போயிற்று.

முதலில் எழுத்துக்கூட்டிப் பார்த்தார். பிறகு ஓர் அகராதி வாங்கினார். மதிய இடைவேளையில் சாப்பாட்டு டப்பாவின் மூடியைப் பக்கத்தின் மேல் பாரமாக வைத்துக்கொண்டு ஒரு வாக்கியம் படிப்பார். சில வாக்கியங்கள் வாரக்கணக்கில் முரண்டு பிடிக்கும். வினைச்சொல், மேலதிகாரி மாதிரி எல்லோருக்கும் கடைசியில் வந்து அதிகாரம் செய்யும். பிடிபட்டதை ஓரத்தில் பென்சிலால் தமிழில் எழுதிவைப்பார். செத்த பாஷையில் செத்தவனோடு பேசுகிற நேரத்தில் உயிரோடு இருக்கிற பெண்டாட்டியோடு ரெண்டு வார்த்தை பேசினால் குறைந்தா போகும் என்று மனைவி கேட்டாள். அவன் குறுக்கே பேசுவதில்லை என்றார் முசுடு.

படிப்பு ஆளை இளக்கும் என்பார்கள். இவர் கையில் அது கட்டையாக மாறியது. எதுவும் நம்முடையதில்லை, எல்லாம் இரவல், கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுத்துவிடு என்று ரோமானியன் எழுதியதை, கைப்பையைத் தொலைத்துவிட்டு அழுதுகொண்டு வருகிறவர்களிடமே ஒப்பிப்பார். புகார்கள் மேலே போயின. மேலே இருந்தவரும் மேலே பார்த்தார்.

பக்கத்து நாற்காலியில் மனைவியின் தம்பி. வீட்டிலும் மாடியில் குடியிருந்தான். இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. புத்தம்புது ஸ்கூட்டர் திருட்டுப்போய் அவன் கண்கலங்கி நின்ற அன்று முசுடு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"அது உன்னோடதுன்னு யார்றா சொன்னது? இரவல் கொடுத்தவங்க திருப்பி வாங்கிட்டாங்க, அவ்வளவுதான்" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார்.

மைத்துனன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அத்தான் கழிவறைக்குப் போன நேரம் பார்த்து இழுப்பறையைத் திறந்தான். புத்தகத்தின் உள்ளட்டையில் அகராதியின் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது. அகராதியின் சீட்டுக்கு இங்கே என்ன வேலை? நகத்தால் கிள்ளி உரித்தான். அடியில் ஒரு தொலைபேசி எண் இருந்தது.

இரண்டு நாளில் ஓர் அம்மாள் வந்து நின்றார். பல் வைத்தியம் பார்த்து ஓய்வுபெற்றவர். தன் லத்தீன் புத்தகத்தைக் கேட்டார். அப்படி எதுவும் வரவேயில்லை என்றார் முசுடு. எந்த வண்டி, என்ன தேதி, சீட்டு இருக்கிறதா என்று கொடுக்குகளை ஒவ்வொன்றாக நீட்டினார். எத்தனையோ பேரை வாய் திறக்கவைத்த அம்மாள் அசைவதாயில்லை.

"அத்தான், உங்க சாப்பாட்டுப் பைக்கு அடியில பாருங்க" என்றான் மைத்துனன், தேன் சொட்ட.

விவகாரம் மேலே போனால், ஏலத்துக்குப் போகாத பொருள் இழுப்பறைக்கு எப்படிப் போயிற்று என்ற கேள்வி வரும். நாற்காலி பறிபோகும். முசுடு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். இத்தனை வருஷத்துப் பென்சில் எழுத்தும் அதோடு போயிற்று. அம்மாள் புரட்டிப் பார்த்து முகம் சுளித்தார்.

"எந்தப் பாவி இதுல கிறுக்கி வச்சிருக்கான்? போகட்டும், ரப்பர் போட்டு அழிச்சுக்கறேன்."

அத்தான் வெடிப்பதற்கு இடம் விட்டு மைத்துனன் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டான். முசுட்டின் காது சிவந்தது. கோபம் வந்தால் உடனே செலவழித்துவிடாதே என்று ரோமானியன் ஓரிடத்தில் எழுதியிருந்தான். அந்த வாக்கியத்துக்கு முசுடு ஒரு மழைக்காலத்தையே கொடுத்திருந்தார்.

எழுந்தார். கவுண்டரின் பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். வரிசையின் கடைசியில் நின்றார். முறை வந்தது.

"சார், ஒரு புத்தகம் தொலைஞ்சுபோச்சு."

"விளையாடாதீங்க அத்தான். இப்பத்தானே அந்த அம்மா எடுத்துட்டுப் போனாங்க?"

"அது அவங்களோடது சார். நான் கேக்கறது என்னோடது. அலமாரியில பார்த்துச் சொல்லுங்க."

கேட்டவர் கண்ணெதிரே எல்லாத் தட்டுகளையும் தேடிக் காட்டவேண்டும் என்பதும் விதிதான். மைத்துனன் ஏணியில் ஏறினான். அவனுக்குத் தூசி ஆகாது. மேல்தட்டில் இரண்டு தும்மல், கீழ்த்தட்டில் நான்கு. இல்லை என்று மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"பரவாயில்ல சார். நாளைக்கு வர்றேன்."

வந்தார். மதிய இடைவேளைதான் இப்போது காலியாக இருக்கிறதே. தினமும் வருகிறார். சார் என்கிறார், குரலை உயர்த்துவதில்லை, நன்றி சொல்லிவிட்டுப் போகிறார்.

அவர் ரொம்பச் சாந்தமாகிவிட்டார் என்று மனைவி பூரித்துப்போய்த் தம்பியிடம் சொன்னாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். தும்மல்தான் வந்தது.