முப்பத்தெட்டு கிலோ

யாராவது பேயைப் பார்த்தேன் என்று சொன்னால், "எத்தனை கிலோ இருந்துச்சு?" என்று கேட்டுச் சிரிக்கிற மனிதர் அவர். அவருக்குத்தான் இது நடந்தது. கண் காது மூக்கு வைத்து எதையும் சேர்க்கவில்லை. அவர் சொன்ன நேரம், அவர் சொன்ன எடை, அப்படியே இங்கே இருக்கிறது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஆனால் அன்றிலிருந்து அவர் யாரையும் அந்தக் கேள்வி கேட்பதில்லை.

அவர் ஒரு ஜீப் மெக்கானிக். சாதாரண ரிப்பேர் வேலை இல்லை. ரோடே இல்லாத காட்டுக்கும் மேட்டுக்கும் போகிறவர்களின் சின்ன ஜீப்புகளைப் பிரித்து, தூக்கி, தூரப் பயணத்துக்குத் தயார் செய்து தருகிற பட்டறை. பெரிய டயர், உயரமான ஸ்பிரிங், சேற்றில் மாட்டினால் தன்னைத்தானே இழுத்துக்கொள்ள முன்னால் ஒரு வின்ச், கூரைமேல் விரிக்கிற கூடாரம், பின்னால் அடுப்பும் பாத்திரமும் வைக்க இழுப்பறை. கைவேலை சுத்தம். வாய்தான் மோசம். எப்போது கேட்டாலும், "அடுத்த வாரம் ரெடி." அதனால் அவருக்கு விழுந்த பட்டப்பெயரே 'அடுத்த வாரம்'. "என்னப்பா, அடுத்த வாரம் இன்னிக்கு இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டுதான் ஆட்கள் உள்ளே வருவார்கள்.

அந்தப் பெயரை வைத்தவர் நூலக அக்கா.

அக்காவுக்கு நூலகத்தில் வேலை. வீட்டுக்காரர் பல் டாக்டர். இரண்டு பேருமே ஐம்பதைத் தாண்டியவர்கள், பிள்ளைகள் இல்லை. கல்யாணமான புதிதில் போட்ட ஒரு திட்டம் இருந்தது. ஒரே ஒரு சின்ன ஜீப், மூன்று மாதம், மலையைத் தாண்டி, மணல்காட்டைத் தாண்டி, கடல் வரைக்கும் போவது. இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போய், கடைசியில் ஒருநாள் ஜீப்பை வாங்கிப் பட்டறைக்கே ஓட்டி வந்துவிட்டார்கள்.

இந்த வேலையில் ஸ்பிரிங்கை வண்டியைப் பார்த்து மட்டும் போட முடியாது. எந்த சீட்டில் யார் உட்காருவார், எத்தனை கிலோ என்று தெரிந்தால்தான் வண்டி ஒரு பக்கம் சாயாமல் நிற்கும். அதற்காக நான்கு சக்கரத்துக்கும் அடியில் ஒவ்வொரு எடைத்தட்டு வைப்பார். சுவரில் ஒரு பெட்டி. அதில் சிவப்பாக எண் வரும். அன்றைக்கு டாக்டர் ஸ்டியரிங் பக்கம் ஏறினார். அக்கா இடது பக்கம் ஏறி, டக்கென்று கதவைச் சாத்தி, மடியில் ஒரு புத்தகத்தை விரித்துக்கொண்டார்.

"அக்கா, அசையாம இருங்க."

"நான் அசையலை தம்பி. புக்கு பக்கம்தான் அசையுது."

அக்காவின் பங்கு ஐம்பத்திரண்டு கிலோ. மெக்கானிக் அதைச் சுவரில் எழுதப் போனார்.

"அய்யய்யோ, ஊருக்கே போர்டு மாட்டிடாதீங்க!"

சிரித்துக்கொண்டே, இடது கதவோரத்து ரப்பரை விலக்கி, யார் கண்ணுக்கும் படாத இடத்தில் பெயின்ட் பேனாவால் 52 என்று எழுதி, ரப்பரை மறுபடி மூடினார். அது அவருக்கும் அக்காவுக்கும் மட்டும் தெரிந்த ரகசியமானது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அக்கா வருவார். அந்த சீட்டில் ஏறி உட்கார்ந்து பத்துப் பக்கம் படிப்பார். "ரெடியா தம்பி?" என்பார். "அடுத்த வாரம் அக்கா." அவரும் சிரித்துவிட்டு இறங்கிப் போவார். கத்துகிற வாடிக்கையாளர்களின் வண்டி ஒவ்வொன்றாக வெளியே போனது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். இவர்கள் அழவே இல்லை. பதினாலு மாதம் அந்த ஜீப் மூலையில் நின்றது.

கடைசி நான்கு மாதம் அக்கா வரவில்லை. கேட்க ஆளில்லையே என்று மெக்கானிக்குக்கு உள்ளூர ஒரு நிம்மதி. இதை அவரே சொன்னார். சொல்லும்போது தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

பிறகு ஒருநாள் டாக்டர் மட்டும் வந்தார். ஆள் பாதியாகியிருந்தார்.

"அவ போயிட்டா தம்பி. ஒரு மாசம் ஆச்சு."

மெக்கானிக் மூலையில் நின்ற ஜீப்பைப் பார்த்தார்.

"நான் போயிட்டு வரேன்னு அவகிட்ட சொல்லிட்டேன். தனியாத்தான் போகணும். அந்தப் பக்கத்து சீட்டைக் கழட்டிடுங்க. அங்க தண்ணி டேங்க் வெச்சிடுங்க. காலி சீட்டைப் பார்த்துக்கிட்டே என்னால ஓட்ட முடியாது."

எப்போது தருவீர்கள் என்று அவர் கேட்கவில்லை. அதுதான் மெக்கானிக்கை அறைந்த மாதிரி இருந்தது. மற்ற எல்லா வண்டியையும் ஓரங்கட்டிவிட்டு, பதினாலு மாதம் இழுத்த வேலையை ஒன்பதே நாளில் முடித்தார். ஒரே ஆளுக்கு ஏற்ற மாதிரி ஸ்பிரிங்கை மாற்றினார். அக்காவின் சீட்டைக் கழற்றிச் சுவரோரம் வைத்தார். அந்த இடத்தில் தண்ணீர் டேங்கைப் பூட்டினார். அக்கா ஒரு தடவைகூட அந்த ஜீப்பில் தெருமுனைவரை போனதில்லை. பட்டறைக்குள் ஏறியதும் இறங்கியதும்தான் அவர் போன பயணம். அது மெக்கானிக்கின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

ஒன்பதாம் நாள் மாலை. வேலையாட்கள் கிளம்பிவிட்டார்கள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவர் மட்டும் இருந்தார்.

மணி 6.12. ஜீப்பை எடைத்தட்டுகளின்மேல் ஏற்றி, இன்ஜினை அணைத்து, இறங்கி வந்து பார்த்தார். 1290. அவர் போட்ட கணக்கு கிராம் பிசகாமல் வந்திருந்தது. அந்த எண்ணைச் சுவரில் எழுதினார். கை கழுவப் பின்பக்கம் போனார்.

சோப்புப் போட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டது.

டக்.

ஜீப் கதவு. இடது பக்கக் கதவு. அவருடைய ஜீப்புகளின் கதவுகளைச் சத்தத்தை வைத்தே பிரித்துச் சொல்லிவிடுவார். காற்றாக இருக்கும் என்று நினைத்தார். ஆனால் திறந்திருக்கும் கதவைத்தான் காற்று சாத்தும். அவர் அதைத் திறக்கவே இல்லையே...

ஈரக்கையோடு வந்தார். மணி 6.20.

பெட்டியில் 1328.

முப்பத்தெட்டு கிலோ கூட. அதில் பெரும்பங்கு இடது பக்கத்து இரண்டு தட்டுகளில். டேங்க்கைத் தட்டிப் பார்த்தார். காலி. கூரையில் எதுவும் இல்லை. அடியில் எதுவும் சிக்கவில்லை. குனிந்து ஸ்பிரிங்கைப் பார்த்தார். இடது பக்கம் ஒரு விரல் கனத்துக்கு இறங்கியிருந்தது. யாரோ ஏறி உட்கார்ந்தால் இறங்குமே, அந்த அளவு.

முதலில் அவர் மனதில் வந்தது அக்காதான். உடனே தன்னைத்தானே திட்டிக்கொண்டார். அக்கா ஐம்பத்திரண்டு. இது முப்பத்தெட்டு. பேயே என்றாலும் கணக்கு உதைக்கிறதே! பெட்டியில் கோளாறு, அவ்வளவுதான்.

ஜீப்பைக் கீழே இறக்கினார். நான்கு தட்டும் பூஜ்யம் காட்டின. தானே ஒவ்வொன்றிலும் ஏறி நின்றார். எழுபத்தொன்று, எழுபத்தொன்று, எழுபத்தொன்று, எழுபத்தொன்று. கோளாறு எதுவும் இல்லை. இடது தட்டுகளை வலதுக்கும், வலதை இடதுக்கும் மாற்றிப் போட்டார். மறுபடி ஏற்றினார்.

1290.

"அப்பாடா" என்றார். வாய்விட்டுச் சொன்னார். மணி 6.38.

போன் அடித்தது. மனைவி.

"ஏங்க, இன்னும் கிளம்பலையா? மழை வலுக்குது."

"இதோ வந்துட்டேன்."

"பக்கத்துல யாரு?"

"யாருமில்லையே."

"புக்கு புரட்டுற மாதிரி சத்தம் கேக்குதே..."

அவர் போனைக் காதிலிருந்து எடுத்தார்.

மழைச் சத்தம்தான்.

அப்புறம்...

சரக்.

சற்று இடைவெளி. ஒரு பக்கம் படிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு இடைவெளி.

சரக்.

பெட்டியைத் திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. இருந்தும் பார்த்தார்.

1328.

கண்ணாடிக்குள் பார்த்தார். டேங்க் இருந்தது. டேங்க்குக்கு மேலே ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பக்கக் கண்ணாடி மட்டும்... உள்பக்கமாக... மங்கியிருந்தது. உள்ளே யாரோ மூச்சு விட்டால் மங்குமே, அப்படி.

கால் நகரவில்லை.

சரக்.

சத்தம் நின்றது. புத்தகத்தை மூடிவிட்டு யாரோ அவரைப் பார்ப்பதுபோல இருந்தது. பதிலுக்குக் காத்திருப்பதுபோல இருந்தது.

அவர் வாய் தானாகத் திறந்தது. பத்து மாதப் பழக்கம்.

"அடுத்த வாரம் அக்கா..."

எண் அசையவில்லை.

தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. அழுகைதான் வந்தது. செத்துப்போனவரிடம்கூட அதே பொய்யா!

"நாளைக்கு அக்கா," என்றார். "சத்தியமா நாளைக்கு."

டக்.

1290.

மணி 7.05.

விளக்கைக்கூட அணைக்காமல் வீட்டுக்குப் போனார். இரவெல்லாம் புரண்டார். விடியும்போது மனம் கொஞ்சம் தெளிந்தது. மழை ஈரத்தில் ஒயர் எங்கோ கசிந்திருக்கும், குற்ற உணர்ச்சியில் காது ஏமாந்திருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டார். அந்தச் சமாதானத்துக்கு அவரிடம் ஒரே ஒரு பிடிதான் இருந்தது. முப்பத்தெட்டு. அக்காவாக இருந்தால் ஐம்பத்திரண்டு அல்லவா காட்டியிருக்க வேண்டும்?

காலை எட்டரைக்கு டாக்டரைப் போனில் கூப்பிட்டார். அவர் வந்து ஜீப்பைச் சுற்றிப் பார்த்தார். டேங்க் இருந்த இடத்தைப் பார்க்காமலே பார்த்தார்.

"கடைசியில அக்கா ரொம்பக் கஷ்டப்பட்டாங்களா?" மெக்கானிக் மெதுவாகக் கேட்டார். நான்கு மாதமாகக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

டாக்டர் ஜீப்பின்மேல் கையை ஊன்றிக்கொண்டார்.

"சாப்பாடே இறங்கலை தம்பி. தூக்கி உட்கார வைப்பேன். குழந்தை மாதிரிதான் இருந்தா. கடைசி நாள் காலையில ஆஸ்பத்திரியில எடை பார்த்தாங்க. முப்பத்தெட்டு."

மெக்கானிக்கின் கையிலிருந்த ஸ்பானர் கீழே விழுந்தது.

"என்னாச்சு தம்பி?"

"ஒண்ணுமில்ல டாக்டர். எனக்கு ஒரு நாலு மணி நேரம் குடுங்க. இன்னிக்கே தந்துடறேன்."

டேங்க்கைக் கழற்றிப் பின்பக்கம் மாற்றினார். இரண்டு பேருக்கான பழைய ஸ்பிரிங்கைத் திரும்பப் போட்டார். சுவரோரம் இருந்த சீட்டைத் துடைத்து, அதே இடத்தில், அதே நான்கு போல்ட்டில் இறுக்கினார். டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது.

"சீட்டு வேணாம்னுதானே சொன்னேன்?"

"அந்தப் பக்கம் சீட்டு இல்லாம வண்டி நேரா நிக்க மாட்டேங்குது டாக்டர். நானும் பார்த்துட்டேன்."

அது பொய் இல்லை. பிறகு கதவோரத்து ரப்பரை விலக்கிக் காட்டினார். டாக்டர் அந்த 52-ஐப் பார்த்தார். விரலால் தடவினார்.

"இது அவளுக்கே பிடிச்ச எடை," என்றார். ரப்பரைத் தானே மூடினார். சீட்டைப் பற்றி அப்புறம் பேசவில்லை. மெக்கானிக்கின் வாழ்க்கையில் முதல் தடவையாக, சொன்ன நாளிலேயே ஒரு வண்டி வாசலைத் தாண்டியது. அது தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்தார். இடது பக்கம் ஒரு விரல் கனம் இறங்கித்தான் இருந்தது.

மூன்று மாதமும் ஐந்து நாளும் கழித்து டாக்டர் திரும்பி வந்தார். கறுத்திருந்தார், தாடி வளர்ந்திருந்தது. மலை, மணல்காடு, கடல் எல்லாம் ஆயிற்று. ஆயில் மாற்ற ஜீப்பை விட்டுவிட்டு, சாமான்களை இறக்கிக்கொண்டே பேசினார்.

"ஒரு விஷயம் சொன்னா சிரிக்கக் கூடாது தம்பி. வழி நெடுக ரெண்டு பேருக்குத்தான் சமைச்சேன். கை அப்படியே பழகிடுச்சு. ஆனா ஒருநாள்கூட மிச்சமானதில்ல. நானா இவ்வளவு சாப்பிட்டேன்னு எனக்கே ஆச்சரியம்."

அவர் மெலிந்துதான் இருந்தார். மெக்கானிக் அதைச் சொல்லவில்லை.

டாக்டர் வீட்டுக்குப் போனதும், கதவையெல்லாம் சாத்திவிட்டு, காலி ஜீப்பை எடைத்தட்டுகளின்மேல் ஏற்றினார். பட்டப்பகல், மணி 11.15. மழை இல்லை. சீட்டோடும் டேங்க்கோடும் சேர்த்து அதன் எடை 1310. வண்டியைக் கொடுத்த அன்று எடைபோட்டுச் சுவரில் எழுதியது இன்னும் இருந்தது. இறங்கி வந்து, கண்ணை மூடிக்கொண்டு பெட்டிக்கு முன்னால் நின்றார். கூடுதல் எடை பூஜ்யமாகியிருக்க வேண்டும் என்று நினைத்தாரா, முப்பத்தெட்டாகவே இருக்க வேண்டும் என்று நினைத்தாரா, அவருக்கே தெரியாது.

கண்ணைத் திறந்தார்.

1362.

இரண்டு தடவை கழித்துப் பார்த்தார். ஐம்பத்திரண்டு.

அக்காவுக்கு உடம்பு தேறியிருந்தது.