பன்னிரண்டாம் நம்பர் துணி

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில் ஒரு சலவைக் கூடம் இருக்கிறது. அஞ்சலாட்சி அங்கே பதினோரு வருஷமாகத் துணி மடிக்கிறாள். எல்லாம் ஓட்டல் துணி. காலாப்பட்டைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில், தண்ணீர்ச் சறுக்கும் ராட்டினமும் சிமெண்ட் கோட்டையுமாக 'அலைக்கோட்டை' என்று ஒரு பொழுதுபோக்குப் பூங்கா இருக்கிறது அல்லவா, அதை ஒட்டி நூற்றிருபது அறையுள்ள ஓட்டலும் உண்டு. அந்த நூற்றிருபது அறையின் அழுக்கும் தினம் வேனில் ஏறி இவளிடம்தான் வந்து சேரும்.

எந்த அறையில் கைக்குழந்தை படுத்தது, எந்த அறையில் புதுப்பெண் மருதாணிக் கையோடு தூங்கினாள், யார் தலைக்குச் சாயம் அடிக்கிறவர் என்பதையெல்லாம் துணியைப் பார்த்தே சொல்லிவிடுவாள். ஓட்டலை மட்டும் பார்த்ததில்லை. அவளென்ன, கூடத்தில் யாருமே பார்த்ததில்லை. வேனோடு தினம் போய்வரும் மேஸ்திரி கலைவாணன்கூடப் பின்வாசல் ஸ்டோர் வரைக்கும்தான். ஆனால் திரும்பி வந்தால் ஓட்டலையே அவர்தான் கட்டியது போலப் பேசுவார்.

கூடத்தில் துணிக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். ஒன்று என்றால் விரிப்பு, மூன்று தலையணை உறை, ஐந்து குளிக்கிற துண்டு, எட்டு காலடித் துண்டு. எல்லாம் பார்த்தாலே புரிகிற சமாச்சாரம். பன்னிரண்டாம் நம்பர் மட்டும் புரியவில்லை. அரக்கு நிறம், ஒன்றரை முழ அகலம், ஐந்து முழ நீளம், இரண்டு ஓரமும் ஜரிகை போல மின்னும் இழை. போர்த்திக்கொள்ள அகலம் போதாது, துவட்டிக்கொண்டால் ஈரம் இழுக்காது, மேஜையில் விரிக்கலாமென்றால் ஒரு சொட்டுக் குழம்புக் கறை கிடையாது. செல்போனில் தேடலாம்தான். என்ன பெயரைப் போட்டுத் தேடுவது? மேஸ்திரியைக் கேட்டால், ஸ்டோரிலும் அதற்கு நம்பர்தான் என்றார்.

அழுத்துகிற மெஷினில் நிற்கும் பாவாடை ஒரு விளக்கம் வைத்திருந்தான். (பாவாடை என்பது ஆண்பிள்ளைதான். இந்தப் பக்கத்தில் அந்தப் பெயர் உண்டு, சிரிக்க வேண்டாம்.) பெரிய மனிதர்கள் ஓட்டலுக்கு வந்து இறங்கும்போது வாசலிலேயே மாலை போட்டு, இந்தச் சால்வையைப் போர்த்தி உள்ளே அழைத்துப் போவார்கள் என்றான். தானே வாசலில் நின்று போர்த்தியவன் மாதிரி சொன்னான். அஞ்சலாட்சியும் அதை நம்பினாள். ஒரேயொரு விஷயம்தான் உறுத்தியது. மழைக்காலத்தில் வருகிற பன்னிரண்டாம் நம்பர்களில் செம்மண் தடம் இருக்கும். தோளில் போடுகிற சால்வையில் செம்மண் எப்படி ஏறும்?

துணி நைந்தாலோ கறை போகாவிட்டாலோ ஓட்டல்காரர்கள் அதைக் கண்டம் என்று தள்ளிவிடுவார்கள். கண்டமான துணியின் மூலையில் சிவப்பு நூலால் ஒரு பெருக்கல் குறி தைக்க வேண்டும், தைப்பது அஞ்சலாட்சியின் வேலை. தைத்த பிறகு அதைக் கூடத்து ஆட்கள் எடுத்துக்கொள்ளலாம். அந்தத் தொழிற்பேட்டையைச் சுற்றி நாலு தெருவில் ஓட்டல் துண்டில் தலை துவட்டாத ஆள் கிடையாது. அப்படித்தான் ஜரிகை பிரிந்துபோன ஒரு பன்னிரண்டாம் நம்பர் அஞ்சலாட்சிக்குக் கிடைத்தது. பிரிந்ததைத் தைத்து, இஸ்திரி போட்டு பீரோவில் வைத்திருந்தாள். அரக்குத் துணியில் சிவப்புத் தையல் கண்ணுக்கே தெரியவில்லை.

அது பீரோவிலேயே கிடந்திருந்தால் இந்தக் கதை இல்லை. மகள் ஹேமலதாவுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. புருஷன் இல்லாத வீடு, எல்லாவற்றுக்கும் ஒருத்தியே ஓடினாள். வெற்றிலை, பழம், பூ, புடவை எல்லாம் வாங்கியவள் சம்பந்திக்குச் சால்வை வாங்க மறந்துபோனாள். புதுச்சேரியில் நாலு பேர் கூடிவிட்டால் யாராவது யாருக்காவது சால்வை போர்த்தியாக வேண்டும். தெருப் பெரியவர் சபையில் நின்றுகொண்டு, 'சம்பந்திக்குச் சால்வை எங்கம்மா?' என்று கேட்டுவிட்டார். அஞ்சலாட்சி பீரோவைத் திறந்தாள்.

மாப்பிள்ளை நெடுமாறனின் அப்பா கன்னியப்பன், பெரிய மார்க்கெட்டில் நாற்பது வருஷம் மூட்டை தூக்கியவர். பேச்சு அளவுதான். சால்வை போர்த்தினால் அடுத்த நிமிஷமே எடுத்துப் பக்கத்து ஆளிடம் கொடுப்பதுதான் பெரிய மனிதர் வழக்கம். கன்னியப்பன் எடுக்கவில்லை. அதோடேயே தாம்பூலம் மாற்றினார், அதோடேயே பந்தியில் உட்கார்ந்தார். மணவெளியிலுள்ள அவர் வீட்டுக்கு வழியனுப்பியபோதும் அது தோளில்தான் இருந்தது.

பிறகு அந்தத் துணிக்கு வந்த யோகத்தைக் கேட்க வேண்டுமே. மகன் கல்யாணத்தில் அதுதான். ஊர்த் தேரோட்டத்தில் அதுதான். ஓட்டுப் போடப் போனபோதும் அதுதான். துவைக்க மனைவி செல்வாம்பாளிடம்கூடக் கொடுக்காமல் தானே அலசி நிழலில் உலர்த்துவார் என்று ஹேமலதா சொல்லிச் சிரித்தாள். அஞ்சலாட்சிக்குச் சிரிப்பு வரவில்லை. அதுவரை வெறும் ஆவலாக இருந்தது இப்போது பயமாக மாறியது. அது சால்வையாகவே இருந்துவிட்டால் நல்லது. இல்லாவிட்டால்? நிறைந்த சபையில் சம்பந்திக்கு எதைப் போர்த்தினாள்?

இரண்டு வருஷம் இப்படிப் போனது. இந்தப் பொங்கலுக்கு ஓட்டல்காரர்கள் சலவைக் கூடத்து ஆட்களுக்கு ஆளுக்கு நாலு இலவசச் சீட்டு கொடுத்தார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீர் விளையாட்டு உண்டு, மதியச் சாப்பாடு உண்டு, தங்குவது மட்டும் கிடையாது. அஞ்சலாட்சிக்குத் தங்குவதா முக்கியம்? பன்னிரண்டாம் நம்பரை அதன் சொந்த இடத்தில் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். அந்தச் சந்தோஷத்தில், மகளும் மருமகனும் போக மிச்சமிருந்த ஒரு சீட்டுக்கு ஹேமலதா யாரை அழைப்பாள் என்று யோசிக்காமல் விட்டுவிட்டாள். செல்வாம்பாளுக்கு மூட்டு வலி. பஸ் ஸ்டாண்டில் வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றவர் கன்னியப்பன், தோளில் பன்னிரண்டாம் நம்பர்.

வெயில் அதிகமாக இருக்கிறதே, அதை மடித்துப் பையில் வைத்துக்கொள்ளலாமே என்று அஞ்சலாட்சி மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

"பெரிய எடத்துக்குப் போறோம் சம்பந்தியம்மா, இருக்கட்டும்" என்றார்.

வழியெல்லாம் அவளுக்கு ஒரே கணக்குத்தான். வேறு யாரும் அவரிடம் சொல்வதற்கு முன்னால் அந்தத் துணி என்னவென்று தான் தெரிந்துகொண்டுவிட வேண்டும்.

அலைக்கோட்டை வாசலில் நாலு பேர் கையிலும் பச்சை வளையம் மாட்டினார்கள். தங்குகிறவர்களுக்கு நீலம். பச்சை வளையக்காரர்கள் அறைப் பக்கம் போகக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். மருமகனும் மகளும் தண்ணீரைக் கண்டதும் சறுக்கு மரத்தில் ஏறிப் போனார்கள். அஞ்சலாட்சி சறுக்கைப் பார்க்கவில்லை, கோட்டையைப் பார்க்கவில்லை. நீச்சல் குளத்தோரம் அடுக்கியிருந்த துண்டுகளைப் பார்த்தாள். ஒரு வெள்ளைக்காரர் அதில் ஒன்றை உதறி முகம் துடைத்தார். தன் மடிப்பு கலைவதை அவள் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கொஞ்சம் பெருமையாகவும் கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

சாப்பாடு ஆனதும் கன்னியப்பன் வரவேற்புக் கூடத்தில் ஒரு சோபாவில் உட்கார்ந்துவிட்டார். அவர் பார்வை எல்லாம், பெட்டிகளைப் பித்தளை வண்டியில் ஏற்றித் தள்ளிப்போன ஆள்மேல்தான். அத்தனை சுமையையும் ஒற்றை ஆள் தோளில் ஒன்றும் இல்லாமல் கொண்டுபோவது அவருக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. இதுதான் சமயமென்று, கை கழுவப் போவதாகச் சொல்லி அஞ்சலாட்சி எழுந்தாள்.

கை கழுவும் இடத்தைத் தாண்டி ஒரு கதவு. கதவைத் தாண்டி நீளமான நடை. நடையின் பாதியில் ஒரு தள்ளுவண்டி, அது நிறைய இவள் மடித்த துணி. யாரும் கூப்பிடாமலே கால் அங்கே போனது.

வண்டிக்குப் பின்னாலிருந்து சீருடை போட்ட பெண் ஒருத்தி எட்டிப் பார்த்து, பச்சை வளையத்தோடு இங்கே வரக்கூடாதே என்றாள். அஞ்சலாட்சி தட்டாஞ்சாவடி சலவைக் கூடத்துப் பெயரைச் சொன்னாள். இதெல்லாம் நான் மடிப்பது என்றும் சொன்னாள். அந்தப் பெண் ஒரு துண்டைக் கையில் எடுத்து அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மூணா மடிச்சு, விளிம்பு உள்ளார போற மாதிரி வைக்கிறது நீங்கதானா? உங்க மடிப்பு வந்தா எனக்கு அர வேல மிச்சம்."

பெயர் பூவிழி, கதிர்காமத்துக்காரி. ஆறு வருஷமாக இவள் மடித்ததை அவள் பிரித்துக்கொண்டிருக்கிறாள், அவள் உருவிப் போட்டதை இவள் மடித்துக்கொண்டிருக்கிறாள். இருவரும் பார்த்துக்கொண்டது இன்றுதான். அதற்குப் பிறகு வளையம் என்ன நிறமாக இருந்தால் என்ன? அறை காலிதான், இரண்டே நிமிஷம் என்று சொல்லிப் பூவிழி கதவைத் திறந்துவிட்டாள்.

அஞ்சலாட்சி செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போனாள். கட்டில் அவள் வீட்டு முன்னறை அகலம் இருந்தது. இரண்டு பேர் படுக்கிற கட்டிலில் எதற்கு நாலு தலையணை என்பது அவளுடைய பழைய சந்தேகம். இரண்டு படுக்க, இரண்டு பார்க்க என்றாள் பூவிழி. முதல் நம்பரை உதறி விரித்தாள், மூன்றாம் நம்பரைத் தலையணையில் ஏற்றினாள். கடைசியாக வண்டியிலிருந்து அரக்குத் துணியை எடுத்து, கட்டிலின் கால்மாட்டில் குறுக்கே போட்டு நீவிவிட்டாள்.

"இது எதுக்கும்மா?" என்று அஞ்சலாட்சி கேட்டாள்.

"ஷூவோட வந்து படுத்துருவாங்கக்கா. பெட்டியத் தூக்கி மேல வெப்பாங்க. விரிப்பு அழுக்காவாம இருக்கத்தான். கால் வைக்கிற துணி."

செம்மண் எப்படி ஏறியது என்பது பதினோரு வருஷம் கழித்துத் தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. பாவாடை கையில் கிடைத்தால் மெஷினுக்குள்ளேயே வைத்து அழுத்திவிடுவாள். பூவிழியிடம் சொல்லிக்கொண்டுகூட வராமல் நடையில் ஓடினாள். எப்படியாவது, என்ன பொய் சொல்லியாவது, அவர் தோளிலிருந்து அதை இறக்கிவிட வேண்டும்.

அவளுக்கு முன்னால் வேறு ஆட்கள் போய்விட்டார்கள். கன்னியப்பன் சோபாவிலிருந்து எழுந்து நின்றிருந்தார். எதிரில் கோட்டு போட்ட அதிகாரி ஒருவர், பக்கத்தில் காவலாளி. அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் நீல வளையக்காரர்கள் நாலைந்து பேர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குப் பேசினார். ஐயா தோளில் இருப்பது ஓட்டல் அறைத் துணி, அது எப்படி உங்களிடம் வந்தது என்று கேட்டார்.

"எனக்குப் போத்துனது" என்றார் கன்னியப்பன்.

யார் போர்த்தியது என்று அதிகாரி கேட்டார். கன்னியப்பன் பதில் சொல்லவில்லை. காவலாளி சிரித்தான். சம்பந்தியின் பெயரை இந்த இடத்தில் இழுக்க வேண்டாமென்று அவர் வாயை மூடிக்கொண்டது தூண் பக்கம் நின்ற அஞ்சலாட்சிக்குப் புரிந்தது. அவள் பேசாமல் நின்றால் துணியை வாங்கிக்கொண்டு அவரை அனுப்பிவிடுவார்கள், அவர் திருடனாகப் போவார். பேசினால் அது என்ன துணி என்பது அவர் காதிலேயே விழும். கூச்சத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் முன்னால் போனாள்.

"அவரக் கேக்காதீங்க சார். நான்தான் போத்துனேன்." துணியின் மூலையைத் திருப்பிக் காட்டினாள். "கண்டம் பண்ண துணி. இந்தத் தையல் நான் போட்டது. உங்க ஸ்டோர்ல கேட்டுப் பாருங்க."

கேட்டுப் பார்த்தார்கள். ஸ்டோரில் சிவப்புப் பெருக்கல் குறி தெரியாதவர்கள் இல்லை. அதிகாரியின் முகம் மாறியது. படுக்கையில் போடுகிற துணியாயிற்றே, அதனால்தான் சந்தேகப்பட்டோம், மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று கன்னியப்பனிடம் இரண்டு முறை சொன்னார். கன்னியப்பன் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, தோளில் துணி அப்படியே இருக்க, வாசலை நோக்கி நடந்தார்.

மகளும் மருமகனும் உடை மாற்றி வரும்வரை இருவரும் வெளியே பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். கடலூர் பஸ் ஒன்று நிற்காமல் போனது. அஞ்சலாட்சி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கட்டில்ல எந்தப் பக்கம் போடுறது?" என்று கன்னியப்பன் கேட்டார்.

தலைமாட்டில் என்று சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? சொல் நாக்கு நுனி வரை வந்தது. அந்த மனிதருக்கு இனி ஒரு பொய்யையும் போர்த்த அவளுக்கு மனசு வரவில்லை.

"கால்மாட்டுலண்ணே. செருப்புக் கால வைக்கிறதுக்கு. சத்தியமா எனக்குத் தெரியாது. இன்னிக்குத்தான் பாத்தேன்."

கன்னியப்பன் துணியை எடுத்துப் பிரித்தார். மூலையில் இருந்த சிவப்புத் தையலைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"நாப்பது வருசம் இந்தத் தோள்ல எத்தினியோ ஏறியிருக்கு சம்பந்தியம்மா. வெங்காய மூட்ட, அழுவுன வாழத்தாரு, ஈரக் கோணி. எல்லாம் ஏத்திவுட்டாங்க. போத்துனது நீங்க ஒருத்தருதான்."

அஞ்சலாட்சிக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் அதைப் பார்க்காதவர் போலத் துணியை இரண்டாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"எங்க ஊட்ல கட்டிலு இல்ல. வாங்குற அன்னிக்குக் கால்மாட்டுல போட்டுக்கலாம். அதுவரிக்கும் இங்கியே கெடக்கட்டும்" என்றார். அடுத்த பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். வரவில்லை. "அது கெடக்குது. அந்த ரூமுக்குள்ள இன்னா இன்னா இருந்திச்சு, மொதல்லேருந்து சொல்லுங்க."

அஞ்சலாட்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாலு தலையணையிலிருந்து ஆரம்பித்தாள்.