சாம்பலும் ஆசிட்டும்

அம்மாவின் நகங்களுக்குள் எப்போதும் ஒரு கறுப்பு இருக்கும். பெரிய வீட்டு வெண்கல உருளிகளைச் சாம்பலும் புளியும் போட்டுத் துலக்கியதில் ஏறிய கறுப்பு. ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலுக்குப் புறப்படும்முன் தீக்குச்சியால் அதைத் தோண்டி எடுக்கப் பார்ப்பாள். முழுதாகப் போகாது. பாட்டுப் புத்தகத்தைப் பிடிக்கும்போது விரல்களை உள்ளே மடக்கிக்கொள்வாள். அம்மாவுக்கு நல்ல குரல். எங்கள் சபையில் முன்வரிசைப் பெண்கள் ராகம் தவறும் இடங்களில், பின்னால் நின்று அவள்தான் பாட்டை எடுத்து நிறுத்துவாள்.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில், பெரிய வீட்டுக்காரர்களின் தென்னந்தோப்பு ஓரத்தில் எங்கள் குடிசை. குடிசை எங்களுடையது, மண் அவர்களுடையது. நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா இறந்துவிட்டார். அந்த மண்ணில் இருக்கவிட்டதற்காக அம்மா சிறுமியாக இருந்ததிலிருந்தே பெரிய வீட்டில் பாத்திரம் துலக்கினாள், தரை கழுவினாள், அவர்கள் வீட்டுக் கக்கூஸில் சாம்பல் தூவித் தேய்த்தாள். அதற்குக் கூலி என்று தனியாக ஒன்றும் கிடையாது. மிஞ்சிய சோறு உண்டு.

நிலச் சட்டம் வந்து, குடிசை நின்ற பத்து சென்ட் எங்கள் பெயருக்கு ஆனது. பட்டயத்தை வாங்கிய மறுநாள் அம்மா பெரிய வீட்டுக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. வீட்டு எஜமானி, கொச்சம்மா, ஆள் அனுப்பினாள்.

"நான் இனி வாறதுக்கு இல்லன்னு கொச்சம்மாகிட்ட சொல்லிரு," என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

அன்றைக்குப் பிறகு எங்கள் அடுப்புச் சாம்பலை அவள் கையால் தொட்டதில்லை. கொட்டாங்கச்சியால் வாரித் தென்னை மூட்டில் எறிவாள். சட்டிக்கும் பானைக்கும் சோப்புதான். சோப்பு இல்லாத நாளில் வெறும் மணல்.

அண்ணன் ஏழாம் வகுப்போடு நின்றவன். பனச்சமூடு சந்தையில் மரச்சீனிக் கிழங்கு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். சபையைச் சேர்ந்த ஒருவர் வழியாக விசா கிடைத்து பம்பாய் போய், அங்கிருந்து கல்ஃபுக்குப் போனான். கம்பெனியில் வேலை என்று கடிதம் வந்தது. அம்மா அதை ஊருக்குச் சொல்லும்போது ஆபீஸ் வேலை என்று ஆக்கிக்கொண்டாள். நானும் திருத்தவில்லை. நெய்யாற்றின்கரையில் ப்ரீ டிகிரி படித்துக்கொண்டிருந்தேன். ஆபீஸில் வேலை பார்க்கும் அண்ணன் இருப்பது எனக்கும் பிடித்திருந்தது.

இரண்டு வருடத்தில் குடிசை போய்க் கான்கிரீட் வீடு வந்தது. பச்சையும் சிவப்புமாகக் கல் பதித்த மொசைக் தரை. எங்கள் இடவழியில் வீட்டுக்குள்ளேயே கக்கூஸும் குளிமுறியும் வைத்த முதல் வீடு அது. பார்க்க வருபவர்களுக்கு அம்மா முதலில் அதைத்தான் திறந்து காட்டுவாள்.

அண்ணன் முதல் லீவில் வந்தபோது பெட்டியிலிருந்து சேலை, செண்டு, டார்ச் விளக்கு எல்லாம் எடுத்து வைத்தான். கடைசியாக, இரண்டு துவாலையில் சுற்றிய ஒரு நீலக் கேன். மூடியைத் திறந்தபோது எலுமிச்சை வாசம் அடித்தது. அதற்கு அடியில் மூக்கைக் குத்தும் இன்னொரு வாசமும் இருந்தது.

"இது கக்கூஸ் கழுவுகதாக்கும். நம்ம நாட்டுல கிடையாது. ஒரு வாட்டி ஊத்துனா போதும், எந்தக் கறையும் போவும்," என்றான் அண்ணன்.

அம்மா கேனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். "என்ன மக்ளே எழுதியிருக்கு? வாசி."

ஒரு பக்கம் அரபி, மறுபக்கம் இங்கிலீஷ். நான் மனதுக்குள் வாசித்தேன். அபாயம் என்று இருந்தது. கையுறை போடாமல் தொடக்கூடாது, காற்று இல்லாத இடத்தில் பயன்படுத்தக்கூடாது, ப்ளீச்சிங் பவுடரோடு சேர்க்கக்கூடாது என்றெல்லாம் இருந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அண்ணனைப் பார்த்தேன். இரண்டு வருடம் கழித்து வந்தவன், கேனையே பார்த்துக்கொண்டு சிரித்தபடி நின்றான்.

"எலுமிச்சை மணம் உள்ளதுன்னு போட்டிருக்கும்மா," என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். எனக்கு அப்போது பதினேழு வயது. இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தது அந்த வீட்டில் நான் ஒருத்திதான்.

அண்ணன் திரும்பிப் போன பிறகு அம்மா சனிக்கிழமைதோறும் குளிமுறி கழுவத் தொடங்கினாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு, பாடிக்கொண்டே கழுவுவாள். கேன் காலியானதும் பாறசாலைக் கடையிலிருந்து பாட்டிலில் ஆசிட் வாங்கினாள். அதில் எழுத்தே கிடையாது. வீட்டுக்குள் வருபவர்களுக்கு அந்த வாசம் தெரிய வேண்டும் என்று அவளுக்கு ஓர் ஆசை. சுத்தம் என்றால் அதுதான் வாசம் என்று ஆகிவிட்டிருந்தது.

அடுத்த வருட மழைக்காலத்தில் கிணறுகளில் போடச் சொல்லிப் பஞ்சாயத்திலிருந்து ப்ளீச்சிங் பவுடர் கொடுத்தார்கள். கிணற்றில் போட்டது போகக் கொஞ்சம் மீதியிருந்தது. ஒரு சனிக்கிழமை காலையில் நான் அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பாட்டு நின்றது. இருமல் கேட்டது. பிறகு வாளி உருண்ட சத்தம். நான் போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே தாழ் போட்டிருந்தது. கதவின் அடியிலிருந்து வந்த காற்று என் கண்ணையும் தொண்டையையும் எரித்தது. அம்மா எப்படியோ தாழை விலக்கினாள். கதவு திறந்ததும் கைகளை ஊன்றித் தவழ்ந்து வெளியே வந்து, மொசைக் தரையில் கவிழ்ந்து கிடந்தாள். வாயிலிருந்து நுரை வழிந்தது. பின்னால் தரையெல்லாம் மஞ்சளாக ஒரு புகை.

ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஆக்சிஜன் வைத்து, கொஞ்சம் பேசமுடிகிறது என்றானதும் டாக்டர் குனிந்து கேட்டார், "எந்தா கலக்கியது? என்ன ரெண்ட சேத்தீங்க?"

"பினாயிலாக்கும் சாரே, வெறும் பினாயில்," என்றாள் அம்மா. மூச்சு இழுத்துக்கொண்டிருந்த நிலையிலும் பொய் சொன்னாள். மகன் தொடங்கிவைத்த பழக்கத்துக்கு ஒரு குறை வரக்கூடாது. ஆசிட்டோடு ப்ளீச்சிங் பவுடரையும் சேர்த்துவிட்டாள் என்று நான்தான் உண்மையைச் சொன்னேன். டாக்டர் என்னைப் பார்த்து, படிக்கிற பிள்ளைதானே, இது தெரியாதா என்று கேட்டார். தெரியாது என்று தலையாட்டினேன்.

பத்து நாளில் அம்மா வீட்டுக்கு வந்தாள். மூச்சு மட்டும் பழையபடி வரவில்லை. நாலு படி ஏறினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கோயிலில் பாட்டு தொடங்கினால் இருமல் வரும் என்று கதவோரத்தில் உட்காரத் தொடங்கினாள்.

கல்லூரியில் கெமிஸ்ட்ரி எடுத்த டீச்சரிடம் நான் போய், வேறு எதை வைத்துக் கழுவலாம் என்று கேட்டேன். அவர் சிரிக்காமல் சொன்னார். பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கொதிக்கவைத்த தண்ணீர், எலுமிச்சைச் சாறு, துணிக்குப் போடும் சோடா, சலித்த விறகுச் சாம்பல். எண்ணெய்ப் பிசுக்கைச் சாம்பல் எப்படி எடுக்கிறது என்று போர்டில் எழுதிக் காட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. நெஞ்சில் கிடந்த ஒன்றுக்கு ஈடு செய்ய வழி கிடைத்ததாக நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து சாம்பலை மெல்லிய துணியில் சலித்து ஒரு பிஸ்கட் டின்னில் நிறைத்தேன். பூந்திக்கொட்டைத் தண்ணீரை வடித்துப் பாட்டிலில் ஊற்றினேன். இரண்டையும் குளிமுறி ஓரத்தில் வைத்துவிட்டு, "அம்மே, இனி இதுதான். ஆசிட் ஊத்தாண்டாம்," என்றேன்.

அம்மா டின்னைத் திறந்து பார்த்தாள். பிறகு அதை எடுத்துக்கொண்டு மெதுவாக நடந்து, இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கி, பின்வாசல் வழியாக வெளியே வீசினாள். சாம்பல் காற்றில் பறந்து திரும்ப அவள் முகத்திலேயே படிந்தது.

"முப்பது வருஷம், பிள்ளே. அவங்க பேண்டதுல இத அள்ளிப் போட்டுத் தேச்சேன். என் கையில இருந்த ரேகையெல்லாம் இதுலதான் போச்சு. எனக்கொரு வீடு, எனக்கொரு பாத்ரூம் உண்டாயி, அதுலயும் நான் சாம்பல் தொடணுமா? நீ படிச்சது இதுக்காக்கும்?"

"மூச்சுக்குக் கேடு அம்மே. டாக்டர் சொன்னாரு இல்லியா?"

"மூச்சு போனா போவட்டும்."

நான் அவளிடம் வேதியியல் பேசினேன். அவள் வேறு எதையோ பேசினாள். அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை, பிடிவாதம் என்றுதான் நினைத்தேன். யாருக்கும் தீங்கு செய்யாத பொருள் என்று நான் கொண்டுவந்து வைத்ததுதான், அவளுக்கு ஆயுள் முழுக்கத் தீங்கு செய்த பொருள்.

அவள் மறுபடியும் ஆசிட் வாங்கினாள். நான் கல்லூரிக்குப் போன நேரம் பார்த்துக் கழுவினாள். ஒருநாள் அவள் கோயிலுக்குப் போயிருந்தபோது பாட்டிலை எடுத்துப் பின்பக்கத்து வாழை மூட்டில் கவிழ்த்துவிட்டேன். ஒரு வாரத்தில் இரண்டு வாழையும் அடியிலிருந்து கருகிச் சாய்ந்தன. ஒன்றில் குலை தள்ளியிருந்தது. அம்மா வந்து பார்த்தாள்.

"நீயாக்கும் ஊத்துனது?"

"நான்தான். இது உங்க நெஞ்சுக்குள்ளதான் போகுது. பாத்துக்கிடுங்க."

அவள் கருகிய மட்டையைக் காலால் தள்ளிவிட்டு உள்ளே போனாள். அடுத்த சனிக்கிழமை புதுப் பாட்டில் வந்தது. மொசைக் தரையிலும் கொஞ்சம் ஊற்றித் துடைத்திருந்தாள். பச்சைக் கற்களுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்தது. பளபளப்பு போய்த் தரை சொரசொரத்தது. அதைப் போக்க மேலும் ஊற்றினாள்.

அண்ணன் இரண்டாவது லீவில் வந்தது அந்த வருடக் கடைசியில். நல்ல வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தான். கையைக் குறுக்கே கட்டிக்கொண்டே பேசினான். சாப்பாட்டை ஸ்பூனால் சாப்பிட்டபோது அம்மா அதையும் நாகரிகம் என்று எடுத்துக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் காலை கிணற்றடியில் அவன் குளிக்கும்போது துவாலை கொடுக்கப் போனேன். அவன் கைகளைப் பார்த்தேன். முழங்கை வரை தோல் வெடித்து, உரிந்து, இளஞ்சிவப்பாக இருந்தது. நாலு விரல்களில் நகம் இல்லை. அது இருந்த இடத்தில் மஞ்சளாக ஒரு தடிப்பு.

"இது என்னது அண்ணே?"

அவன் துவாலையைப் பிடுங்கிச் சுற்றிக்கொண்டான். பிறகு கிணற்றுச் சுவரில் உட்கார்ந்தான். ஒளிப்பதற்கு அலுத்துப்போயிருந்தான் என்று தோன்றியது.

"பெரிய பில்டிங்காக்கும். இருபத்திரண்டு மாடி. ஒரு மாடிக்கு எட்டு கக்கூஸ். நான் கழுவுகேன். அந்தக் கேன்லதான். கையுறை தருவானுவ, அது ஒரு வாரத்துல கிழியும், பிறகு அடுத்த மாசம்தான். மூட்டை சுமந்தவன் நான், என்ன ஆபீஸ் வேலை கிடைக்கும் பிள்ளே எனக்கு?" துவாலையை இன்னும் இறுக்கிச் சுற்றினான். "அம்மைகிட்ட சொல்லாண்டாம்."

சொல்ல வேண்டியிருக்கவில்லை. அம்மா அடுக்களைப் பின்வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கேட்டுவிட்டாள். மெல்ல நடந்து வந்து, அவன் கையைத் துவாலையிலிருந்து பிரித்து எடுத்து, திருப்பிப் பார்த்தாள். நகம் இல்லாத விரல்களை ஒவ்வொன்றாகத் தன் விரலால் தடவினாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"எனக்கு அவங்க சாம்பலாவது தந்தாங்க, மக்கா," என்றாள்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் கேனை ஸ்டோரிலிருந்து யாருக்கும் தெரியாமல் எடுத்துவந்ததையும், வீட்டுக்கு ஏதாவது நல்ல பொருள் கொண்டுவர வேண்டும் என்றுதான் எடுத்ததையும் அப்போதுதான் சொன்னான். அதில் எழுதியிருந்தது என்ன என்று அவனுக்கு யாரும் முழுதாக வாசித்துச் சொன்னதில்லை. நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

அன்று மாலை அம்மா மீதமிருந்த ஆசிட் பாட்டிலைத் தோப்பு ஓரத்தில் குழி தோண்டிப் புதைக்கச் சொன்னாள். அதற்குப் பிறகு வீட்டுக்குள் அது வரவில்லை. சாம்பலும் வரவில்லை. துணி துவைக்கும் சோப்புக் கட்டியைச் சீவிச் சுடுதண்ணீரில் கரைத்து, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினாள். மூச்சு முட்டும் நாட்களில் நான் கழுவினேன்.

அண்ணன் லீவு முடிந்து அதே வேலைக்குத்தான் திரும்பினான். வேறு வேலை தர அங்கே யாரும் இல்லை, இங்கேயும் இல்லை. அம்மா அதற்குப் பிறகு நாலு மழைக்காலம் இருந்தாள். கடைசி மழைக்காலத்தில் படுத்தால் மூச்சு வராது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினாள். போனபோதும் உட்கார்ந்தபடிதான். அடக்க ஆராதனையில் சபையார் பாடிய பாட்டு இரண்டு இடத்தில் ராகம் தவறியது. யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை.

அண்ணன் பல வருடம் கழித்து நிரந்தரமாக வந்துவிட்டான். கல்யாணம், பிள்ளைகள், தரைமேல் புது டைல்ஸ். மனைவியிடமும் பிள்ளைகளிடமும் சூப்பர்வைசர் வேலை பார்த்ததாகத்தான் சொல்லியிருக்கிறான். நகங்கள் பாதி முளைத்துக் கோணலாக நின்றுவிட்டன. சிமெண்ட் ஒத்துக்கொள்ளாமல் வந்த அலர்ஜி என்பது வீட்டில் சொல்லப்படும் கதை.

அவன் மகள் இப்போது நர்சிங் படிக்கிறாள். போன மாதம் என்னைப் பார்க்க வந்தபோது, "அத்தே, அப்பாவுக்க கை சிமெண்ட்ல வந்தது போல இல்ல. கெமிக்கல் பட்டது போலாக்கும் இருக்கு. உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். கூர்மையான பிள்ளை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கென்ன தெரியும் மக்ளே, நான் அங்க போயா பாத்தேன்?" என்றேன். அவள் நான் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்து போனாள்.