செல்லத்துக்கு வெயில் ஆகாதாம்

காரைக்காலில் இருபத்திரண்டு வருடமாக மருந்துக் கடை வைத்திருக்கிறேன். இத்தனை வருடம் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தவனுக்கு மனிதர்கள் மேல் பெரிய மரியாதை மிஞ்சாது. சீட்டில் எழுதியிருப்பதில் எதை வாங்குகிறான், எதை வேண்டாம் என்கிறான் என்பதை வைத்தே ஒருவன் வீட்டை எடைபோட்டு விடலாம். நவநீதன் வீட்டை எடைபோட எனக்கு ஒரு பொட்டலம் மருந்துத்தூள் போதுமாக இருந்தது.

நான் சொல்ல வந்தது அவனுடைய அம்மா செல்லத்தைப் பற்றி. செல்லம் மீன் விற்றவள். விடியலில் ஏலம் எடுத்து, கூடையைத் தலையில் ஏற்றி, பஸ் பிடித்து வரிச்சிக்குடி, விழிதியூர் என்று தெருத்தெருவாகப் போவாள். கூடையோடு ஏறாதே என்று விரட்டிய கண்டக்டர்களில் பாதிப் பேர் அவளிடம் மீன் வாங்கித் தின்றவர்கள். மதியம் இரண்டு மணிக்கு வெறுங்கூடையோடு என் கடை வாசலில் நின்று ஒரு சொம்பு தண்ணீர் கேட்பாள். மொத்தம் இருபத்தைந்து வருடம் கூடை சுமந்தாள். வீட்டுக்குக் கான்கிரீட் கூரை வந்தது அந்தக் கூடையில். நவநீதன் பட்டப்படிப்பு முடித்ததும் அதே கூடையில்தான். கணவன் பூமிநாதன் படகு வேலைக்குப் போனான், பிறகு போகவில்லை. அவனைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

நவநீதனுக்குக் கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி லாரிகளுக்குச் சீட்டுப் போடும் வேலை கிடைத்தது. கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஆரம்பித்ததும் அய்யாவுக்கு அம்மாவின் கூடை நாற ஆரம்பித்துவிட்டது.

நாற்பத்தொன்பதாவது வயதில் செல்லத்துக்கு மார்பில் கட்டி. புற்றுநோய் என்றார்கள். ஒரு பக்கத்து மார்பை எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், வெளியூர் ஆஸ்பத்திரியில் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். அந்த ஒன்பது மாதமும் நவநீதன் அலைந்ததில் குறை இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். கரண்டு வைத்து முடித்த அன்று டாக்டர், தோல் கறுத்திருக்கும் இடத்தில் கொஞ்ச நாளைக்கு வெயில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். கொஞ்ச நாள் என்பதை மகன் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வந்தான். அம்மாவுக்கு வெயில் ஆகாது என்பது மட்டும் வீடு வந்து சேர்ந்தது.

அவனுக்கு அது வசதியாகவும் இருந்தது. கூடை பரணுக்குப் போனது. தங்கை காவ்யாவுக்கு வரன் பார்க்க வேண்டும். அம்மாவுக்கு இந்த வியாதி என்று தெரிந்தால் எவன் பெண் எடுப்பான்? அதனால் செல்லம் வாசலுக்கு வரக் கூடாது. ஜன்னலுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டான். கேட்டவர்களிடம் துறைமுகத்துக் கரித்தூள் வருகிறது என்றான். கடற்கரையில் பிறந்து வெயிலில் வளர்ந்த மனுஷி மூன்று வருடம் டியூப்லைட் வெளிச்சத்தில் இருந்தாள்.

வியாதி திரும்பாமலிருக்கத் தினம் ஒரு மாத்திரை, ஐந்து வருடத்துக்கு. அதை மாதம் தவறாமல் வாங்குவான். அதே சீட்டில் கீழே இன்னும் இரண்டு இருக்கும். சுண்ணாம்புச் சத்து மாத்திரை ஒன்று. வாரம் ஒரு முறை பாலில் கலந்து குடிக்க வைட்டமின் டி தூள் ஒன்று. முதல் மாதமே இரண்டும் வேண்டாம் என்றான். அந்தத் தினசரி மாத்திரை எலும்பை மெலிய வைக்கும், அதற்காகத்தான் இவை இரண்டும் என்று சொன்னேன். சிரித்தான்.

"அண்ணே, இது வெயில்ல கெடைக்கிற சத்துதானே. செல்போன்ல பாத்தேன். எங்கம்மா இருவத்தஞ்சு வருசம் வெயில்லயே நின்னவங்க. அதெல்லாம் ஒடம்புல ஊறிப் போயிருக்கும். போதாததுக்கு மீன் தின்ன எலும்பு. மீன் திங்காத ஆளுங்களுக்கு வேணா குடுங்க."

வெயிலென்ன கருவாடா, பானையில் போட்டு வைத்து வேண்டும்போது எடுத்துக்கொள்ள? இதை அவனிடமே கேட்டேன். அதற்கும் சிரித்தான். நான் பொட்டலத்தை அலமாரியில் திருப்பி வைத்தேன். இன்னொரு தரம் சொல்லவில்லை. என் லட்சணம் அது.

மூன்றாவது வருடம் அவன் வலி மாத்திரை வாங்க ஆரம்பித்தான். பிறகு வாயு மாத்திரை. பிறகு இரண்டும் வாரா வாரம். ஒருநாள் பூமிநாதனுக்கு ரத்த அழுத்தம் பார்க்க வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். அன்றுதான் செல்லத்தைப் பார்த்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து நடந்து வந்தாள். கறுப்பு நிறம் வெளிறிப் போயிருந்தது.

"வாயுவாம் தம்பி. கீழ ஒக்காந்தா எந்திரிக்க முடியல. தொடையெலும்பு கடையுது. ராவெல்லாம் முதுகு வலி. கூட தூக்குனப்பகூட இப்புடி வலிச்சதில்ல."

நவநீதன் என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டான். குரலைத் தாழ்த்தினான்.

"வாயு இல்லண்ணே. அந்தப் பழைய வியாதிதான் எலும்புக்கு எறங்கிட்டுது போலருக்கு. எங்க ஆபீஸ்ல ஒருத்தரோட மாமியாருக்கும் இப்புடித்தான் ஆரம்பிச்சுது. அம்மாகிட்ட சொல்லல. காவ்யாவுக்கு நாகூர்ப் பக்கம் பேசியிருக்கு. இப்ப ஆஸ்பத்திரி, ஸ்கேன்னு போனா வெளிய தெரிஞ்சிரும். கல்யாணம் முடியட்டும், அப்பறம் கூட்டிட்டுப் போவலாம்னு இருக்கோம்."

நல்ல திட்டம் போட்ட திருப்தி அவன் முகத்தில் தெரிந்தது. அம்மா சாகப்போகிறாள் என்று நம்புகிறான், நம்பிக்கொண்டே நாள் குறித்துக் காத்திருக்கிறான். ஹாலில் பூமிநாதன் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். இருவர் முகத்திலும் காறித் துப்பியிருக்க வேண்டும். "பாத்துக்கப்பா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

நிச்சயதார்த்தத்துக்குச் சின்ன மண்டபம் ஒன்று பிடித்திருந்தார்கள். நானும் போயிருந்தேன். சாய்ந்து நடப்பது தெரிந்துவிடக் கூடாது என்று மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முன்பே செல்லத்தைக் கொண்டுவந்து ஜமக்காளத்தில் உட்கார வைத்துவிட்டான் நவநீதன். ரவிக்கைக்குள் துணி வைத்து இரண்டு பக்கமும் சமமாக்கியிருந்தார்கள். யாராவது எழச் சொன்னால் முழங்கால் வலி என்று சொல்லச் சொல்லியிருந்தான். தட்டு மாற்றச் சித்தியைத் தயாராக நிறுத்தியிருந்தான். அம்மாவை அலமாரிப் பொம்மைபோல வைத்துவிட்டு, கை கட்டி நின்று எல்லாரையும் வரவேற்றான்.

மாப்பிள்ளையின் அம்மா காசியம்மா. அவளும் மீன்காரிதான். தட்டோடு சித்தி முன்னால் வந்ததும் கையை நீட்டவில்லை.

"பொண்ணப் பெத்தவங்க இருக்கையில நீங்க எதுக்கு? சம்பந்தி எந்திரிச்சு வரட்டும். அவங்க கையாலதான் வாங்குவேன்."

நவநீதன் முழங்கால் வலி என்று ஆரம்பித்தான். அதற்குள் செல்லம் எழப் பார்த்தாள். மகளுக்குத் தட்டு மாற்றுவதைக்கூட விட்டுக்கொடுக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? வலது கையைத் தரையில் ஊன்றி உடம்பைத் தூக்கினாள். ஊன்றியதுதான். மணிக்கட்டு முறிந்து, அப்படியே பக்கவாட்டில் சரிந்தாள். விழுந்து முறியவில்லை, வழுக்கியும் முறியவில்லை. தன் சொந்தக் கனத்தைத் தாங்காமல் முறிந்தது, ஒரு காலத்தில் நாற்பது கிலோ மீனைத் தூக்கிய கை.

என் காரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். கூப்பிடாமலே காசியம்மாவும் ஏறிக்கொண்டாள். அங்கே டாக்டரம்மா விசாரித்தபோது நவநீதன் பழைய கதை எதையும் வாயைத் திறந்து சொல்லவில்லை. காசியம்மாதான் சொன்னாள்.

"இவங்களுக்கு மாருல ஆபரேசன் ஆயிருக்கும்மா. மூணு வருசமாச்சு. அதையும் எழுதிக்கங்க."

நவநீதன் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும்.

"என்ன தம்பி பாக்குறீங்க? ஏலத்துல பத்து நாளு ஒருத்தியக் காணலன்னா நாங்க விசாரிக்க மாட்டமா? பொண்ணு கேட்டு வர்றதுக்கு முன்னாடியே தெரியும். ஒங்க ஊருக்கே தெரியும்."

கறுப்புக் கண்ணாடி, ரவிக்கைத் துணி, கரித்தூள், எல்லாம் வீண். ஊருக்கே தெரிந்த விஷயத்தை மறைக்க ஒரு மனுஷியை மூன்று வருடம் இருட்டில் போட்டு வைத்திருக்கிறார்கள்.

கையில் மாவுக்கட்டுப் போட்டு, எல்லாப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார்கள். பத்து நாள் கழித்து முடிவு கேட்கப் போனோம். டாக்டருக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும் என்று என்னையும் அழைத்துப் போனார்கள். காசியம்மாவும் வந்திருந்தாள்.

புற்றுநோய் எங்கும் திரும்பவில்லை. முப்பதுக்கு மேல் இருக்க வேண்டிய வைட்டமின் டி ஏழுதான் இருந்தது. எலும்பெல்லாம் வலுவிழந்து கிடந்தது. டாக்டரம்மா தாளைப் பார்த்தாள், விலாசத்தைப் பார்த்தாள், மறுபடி தாளைப் பார்த்தாள்.

"கடலோரத்துலதான் இருக்கீங்க? வெளியிலயே வர்றதில்லையா? வலி எத்தனை நாளா?"

"ஆறு மாசமா" என்றாள் செல்லம்.

"ஆறு மாசமா ஏன் கூட்டிட்டு வரல?"

"திரும்ப வந்துட்டுதுன்னு நெனச்சோம் டாக்டர்" என்றான் நவநீதன். "அதான், கல்யாணம் முடிஞ்ச பெறகு..."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தாள். தூளும் சுண்ணாம்பு மாத்திரையும் தவறாமல் கொடுக்க வேண்டும், தினமும் வெயிலில் உட்கார வேண்டும், சில மாதத்தில் வலி குறைந்து நடை திரும்பும் என்றாள். வெளியே வந்ததும் நவநீதன் அழுதான். நிஜமாகவே அழுதான்.

"ஒண்ணுமில்லம்மா. சத்துக் கொறச்சல்தான். நல்ல சேதிம்மா."

செல்லம் அவனையே பார்த்தாள்.

"எனக்கு வாயுன்னு சொன்ன."

"நீ பயந்துருவன்னுதாம்மா."

"நான் சாவப்போறேன்னு நெனச்சுகிட்டு வாயு மாத்திர குடுத்துருக்க. இப்ப ஒண்ணுமில்லன்னு ஆயிட்டுது, சரி. நெசமாவே வந்துருந்தா அந்த ஆறு மாசத்த எங்கேருந்து கொண்டாந்து குடுத்துருப்ப?"

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஒனக்கும் தெரியுமா தம்பி?"

என் கையில் மருந்துப் பை இருந்தது.

"தெரியும்க்கா" என்றேன்.

அவள் காரில் ஏறவில்லை. காசியம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, உச்சி வெயிலில், சாய்ந்து சாய்ந்து பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.