நாற்பத்து நான்கு வயதுத் தெரு

1. மேடத்தின் போன்

மண்ணரையில் எனக்குக் கொடுத்த தெருவின் லிஸ்டிங்கை, அதாவது வீடுவாரியாகப் பெயரும் வயதும் எழுதிய பட்டியலை, அனுப்பிய மறுநாள் காலை, பாப்பாவுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தபோது கோகிலா மேடம் போன் செய்தார். அவர் எங்கள் சூப்பர்வைசர். கோபம் வந்தால் குரலை உயர்த்த மாட்டார், மரியாதையைக் கூட்டுவார்.

“ஏனுங்க அம்மிணி, உங்க தெருவுல நாப்பத்தஞ்சு வயசு தாண்டுனவங்க ஒருத்தருமே இல்லீங்களா?”

“இல்லீங்க மேடம். எல்லா ஊட்டுலயும் கேட்டனுங்க.”

“அத்தன பேரும் நாப்பத்து நாலுலயே நின்னுட்டாங்களாக்கும். மண்ணரைத் தண்ணியில அப்படி என்னங்க கலக்கறாங்க? எனக்கும் ஒரு கொடம் கொண்டாந்து குடுங்க.”

நான் சிரிக்கவில்லை. அவர் எதைச் சந்தேகப்படுகிறார் என்பது எனக்குத் தெரியும். எங்கள் சர்வே நாற்பத்தைந்தும் அதற்கு மேலும் ஆனவர்களைப் பற்றியது. உடம்பு எப்படி இருக்கிறது, என்ன வேலை செய்கிறார்கள், முடியாமல் போனால் யார் பார்க்கிறார்கள் என்று கேட்போம். பிரஷர், கைப்பிடி வலு, கிட்டப் பார்வை எல்லாம் சோதிப்போம். சில வருடங்கள் கழித்து அதே ஆட்களிடம் மறுபடியும் போவோம். ஒருவரிடம் பேசி முடிக்கவே பாதி நாள் போய்விடும். அதனால் லிஸ்டிங்கிலேயே வயதைக் குறைத்துப் போட்டுத் தப்பித்துக்கொள்ளும் இன்வெஸ்டிகேட்டர்கள் உண்டு. நானும் அப்படிச் செய்துவிட்டேன் என்று மேடம் நினைத்திருக்கலாம். அன்று முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். ஒருவேளை நான் கேட்ட விதமே தப்போ?

2. முதல் தடவை போன விதம்

யோசித்துப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது.

அந்தத் தெரு முழுக்க லைன் வீடுகள். தெற்கிலிருந்து வந்த குடும்பங்கள் குடியிருக்கின்றன. எல்லாமே ஒரே ஓனருடையவை. ஓனரின் மனைவி சரஸ்வதி அம்மா ராயபுரத்தில் இருக்கிறார். அவரிடம் சொல்லாமல் ஒரு வாசலையும் மிதிக்கக் கூடாது என்பது எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாத விஷயம். சேவூரில் வாழ்க்கைப்பட்டவள் நான். அடுத்தவர் தோட்டத்துக்குள் போவதானாலும் தோட்டத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போவோம். அவரிடம் கேட்டேன். அவரும் பெருந்தன்மையாக என்னுடனே வந்து வீடு வீடாகக் கூப்பிட்டு நிறுத்தினார்.

“கணக்கெடுக்க வந்திருக்காங்க பாரு. வயசச் சொல்லு கண்ணு.”

நாற்பத்து நாலு. நாற்பத்து மூன்று. நாற்பத்து நாலு.

சரஸ்வதி அம்மாவின் கணவர் வீட்டு ஓனர் மட்டுமல்ல, சுற்றியுள்ள கம்பெனிகளுக்குச் செக்கிங், பேக்கிங் வேலைக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டரும்கூட. நாற்பத்தைந்து தாண்டியவர்களைப் புதிதாக எடுப்பதில்லை என்று சில கம்பெனிகளில் வாய்மொழியாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்த அம்மா பக்கத்தில் நிற்கும்போது யார் உண்மையான வயதைச் சொல்வார்கள்? என் மரியாதைதான் எல்லோருடைய வாயையும் அடைத்திருக்கிறது.

3. ஞாயிற்றுக்கிழமை

மறுபடியும் தனியாகப் போனேன். ஞாயிற்றுக்கிழமைதான் போக முடியும். வார நாளில் பகலில் போனால் வேலைக்குப் போக முடியாதவர்கள் மட்டுமே வீட்டில் இருப்பார்கள். அவர்களிடம் மட்டும் கேட்டு வந்தால் ஊரே நோயாளியாகத் தெரியும்.

“ஞாயித்துக்கெழமையும் ஊர் சனத்துக்கு வயசு கேக்கப் போகோணுமா கண்ணு?” என்றார் என் மாமியார். பாப்பாவுக்கு லேசாக உடம்பு சுட்டது. தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. இன்னொரு முறை வைத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன்.

ஜெபக்கனி அக்கா அப்போதுதான் கோயிலில் ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து மீன் கழுவிக்கொண்டிருந்தார். தென்காசிப் பக்கம். (பெயர்களை மாற்றியிருக்கிறேன். இதை எழுத அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டேன்.) ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் துணியில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாம் பார்த்துப் பிரிக்க வேண்டும்.

ஒப்புதல் வாசகத்தை டேப்லெட்டில் பார்த்து வாசித்தேன். தகவல்கள் ரகசியமாக வைக்கப்படும் என்ற வரி வந்ததும் கையை நீட்டி நிறுத்தினார்.

“நீ அதப் பாத்து வாசிக்க. நான் ஒன்னயக் கேக்கேன். இது கம்பெனிக்குப் போவுமா?”

“போகாதுங்க அக்கா.”

“அந்தம்மாவுக்கு?”

“யாருக்கும் போகாதுங்க. என் வேலையே போயிரும்.”

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். “கைப்பிள்ளக்காரி மாதிரி இருக்க. பிள்ள யார்ட்ட இருக்கு?”

சொந்த விஷயம் பேசக் கூடாது என்பது பயிற்சியில் சொன்னது. பேசாமல் இருந்தால் அவரும் பேச மாட்டார் என்று தோன்றியது. “அவங்க அப்பாயிகிட்ட விட்டுட்டு வந்தனுங்க. காலைல ஒடம்பு சுட்டுச்சு. அதே நெனப்பா இருக்குது,” என்றேன்.

“சுட்டா ஒம் மாமியா பாத்துக்கிடுவா. அவ வளக்காத பிள்ளயா? உக்காரு.” மீன் சட்டியை மூடி வைத்தார்.

மூத்த மகளுக்கு என்ன வயது என்று கேட்டேன். முப்பது என்றார்.

“அப்ப உங்களுக்கு நாப்பத்து நாலுன்னா…”

“ஏன், பதினாலு வயசுல பெத்தேன்னு எழுதிக்கயேன்,” என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். “அம்பத்தி மூணு தாயி. கம்பெனிக்கு நாப்பத்தி நாலு. ஆண்டவருக்கும் ஒனக்குந்தான் அம்பத்தி மூணு.”

4. ஓனர் அம்மா

பாதிக்கு மேல் முடித்து, கிட்டப் பார்வை அட்டையை எடுத்தபோது வாசலில் நிழல் விழுந்தது. தண்ணீர் மோட்டார் பார்க்க வந்த சரஸ்வதி அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

“என்ன அம்மிணி, ஏங்கிட்டச் சொல்லாமயே வந்துட்டீங்க? கண்ணு டெஸ்ட்டா? பண்ணுங்க, பண்ணுங்க. நானும் பாக்கறேன்.”

ஜெபக்கனி அக்காவின் முகம் மாறிவிட்டது. அட்டையைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தார். செக்கிங் வேலை செய்பவருக்குக் கண் தெரியவில்லை என்பது இந்த அம்மாவின் முன்னால் தெரிந்துவிட்டால் நாளைக் காலை அந்த டேபிளில் வேறு ஆள் நிற்பார்.

நேர்காணல் தனிமையில் நடக்க வேண்டும் என்று கையேட்டில் ஒரே வரியில் போட்டிருக்கிறது. வீட்டு ஓனரை அவருடைய வீட்டிலிருந்தே எழுந்து போகச் சொல்வது எப்படி என்று போடவில்லை.

“தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. இதத் தனியாத்தான் கேக்கோணுங்க.”

“என்ற ஊட்ல நான் உக்காரக் கூடாதா?”

 எனக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதனால் உண்மையைத் தேடினேன். மீதமிருந்த பகுதிகளில் அப்படி ஒன்று இருந்தது.

“இல்லீங்கம்மா. இன்னும் பொம்பளைங்க சமாச்சாரம் கேக்கறது பாக்கி இருக்குதுங்க. தீட்டு நின்னது, தும்மினா இருமினா மூத்திரம் கசியறது, இப்படியெல்லாம். நீங்க இருந்தா அக்கா கூச்சப்படுவாங்க.”

சரஸ்வதி அம்மா குரலைத் தாழ்த்தினார். “இதெல்லாமா கேக்கறாங்க கவருமெண்ட்டுல?” வாசல் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு இன்னும் தாழ்த்தி, “எனக்கு ரெண்டு வருஷமா இருக்குது கண்ணு. கண்ணாலத்துக்குக்கூடப் போக முடியறதில்ல. சிரிக்கப் பயமா இருக்குது. அவருகிட்ட எப்படிச் சொல்றது?”

“டாக்டரம்மாகிட்டக் காட்டுங்கம்மா. இது நெறையப் பேருக்கு இருக்கறதுதானுங்க.”

“இவ கிட்டயும் கேளு,” என்று ஜெபக்கனி அக்காவைக் காட்டி எழுந்தார். “ஏய், கூச்சப்படாமச் சொல்லு. அந்தப் புள்ளைக்கு வேலையாகோணுமில்ல.” மோட்டாரைப் பார்க்கப் போய்விட்டார்.

அவர் தெருமுனை திரும்பும்வரை அடக்கி வைத்திருந்த சிரிப்பை அக்கா முந்தானையில் விட்டார். நானும் சிரித்தேன். அட்டையை மறுபடியும் எடுத்தேன்.

5. அட்டை

பெரிய எழுத்து வரிகளுக்குக் கீழே அவரால் படிக்க முடியவில்லை. “பாக்கறதுக்குச் சிரமம் உண்டுங்களா?” என்று முன்பு கேட்டபோது “இல்ல” என்று சொல்லியிருந்தார். அவர் சொன்னதையும் சோதனையில் வந்ததையும் அப்படியே பதிவு செய்தேன். ஒன்றுக்காக இன்னொன்றைத் திருத்தக் கூடாது. இந்த வேலைக்குப் புதிதாக வந்து இதைப் படிப்பவர்கள் இதை மறக்க வேண்டாம்.

எல்லாப் பகுதியும் முடிந்து டேப்லெட்டை மூடிய பிறகு அவரே பேசினார். டேபிளில் அவருடன் நிற்பது ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண். அக்கா துணியைத் திருப்பி விரிப்பார், அவள் பார்ப்பாள், அக்கா மடித்து அடுக்குவார். இன்சார்ஜ் வந்தால் அக்காவும் துணியைப் பார்ப்பதுபோல் குனிந்துகொள்வார்.

“அவளுக்கு அடுத்த மாசம் கல்யாணம். ஊருக்குப் போயிருவா. அவ போனா நானும் போவ வேண்டியதுதான்.”

“கண்ணாடி போட்டுக்கலாமேங்க அக்கா?”

“வேற வினையே வேண்டாம். போட்டா வயசு தெரிஞ்சிரும்லா?”

அப்போது நான் சொன்னதைச் சொல்லியிருக்கலாமா என்று இன்றுவரை யோசிக்கிறேன். கண் டாக்டரிடம் காட்டச் சொல்லும் ரெஃபரல் சீட்டைக் கொடுத்துவிட்டு எழுந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் எங்கள் வேலை. சீட்டைக் கொடுத்தேன். எழுந்திருக்கவில்லை.

“அக்கா, வெள்ளெழுத்து நாப்பதுலயே வந்துருமுங்க. எங்க மேடத்துக்கு நாப்பத்து ரெண்டு, கண்ணாடி இல்லாம போன்ல நம்பரே தெரியாது. நாப்பத்து நாலு வயசுக்காரங்க கண்ணாடி போட்டா அது சரியாத்தான் இருக்குமுங்க. போடலைன்னாத்தான் கேப்பாங்க.”

அவர் சீட்டை மடித்து வேத புத்தகத்துக்குள் வைத்தார். பிறகு, “படிச்ச பிள்ளைக்கு இப்படியும் புத்தி போவுதே,” என்றார். என்னைப் பாராட்டினாரா திட்டினாரா என்று தெரியவில்லை. வழியில் பஸ்ஸில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். வீட்டில் பாப்பா வெறும் தரையில் உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தாள்.

மேடத்திடம் நடந்ததைச் சொன்னேன். “இன்டர்வியூ முடியறதுக்கு முன்னாடி சொன்னியா, முடிஞ்சப்பறமா?” என்று மட்டும் கேட்டார். முடிந்த பிறகு என்றேன். “அப்பச் சரி, பதிலு மாறியிருக்காது” என்றார்.

அந்தத் தெருவின் மற்ற வீடுகளுக்கு, சரஸ்வதி அம்மாவிடம் முன்கூட்டியே போனில் சொல்லிவிட்டுத் தனியாகப் போனேன். பெரும்பாலான வீடுகளில் வயது ஏறியது.

6. அதற்குப் பிறகு

விடுபட்டுப்போன ஒரு கேள்விக்காக அக்காவுக்குப் போன் செய்தபோது ஒடிசாப் பெண் ஊருக்குப் போயிருந்தாள். பக்கத்தில் தையல் மிஷின் சத்தம் கேட்டது. அப்படியானால் கம்பெனியில்தான் இருக்கிறார்.

“கண்ணாடி போட்டுட்டேன் தாயி. இன்சார்ஜ் சார் வந்து, என்னக்கா கண்ணாடியெல்லாம்னாரு. நாப்பத்தி நாலாச்சுல்லா சார், எல்லாருக்கும் வாரதுதானன்னேன். அவரும் ஆமா, எனக்கும் பாக்கணும்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.”

இதில் எனக்குக் கிடைத்த பாடம் பெரியது ஒன்றுமில்லை. கேள்வியைக் கேட்கும் முன் வாசலில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். அவர்கள் போகும்வரை காத்திருங்கள். போகாவிட்டால் போகச் சொல்லுங்கள், பயமாக இருந்தாலும். நமக்கு அது ஒரு சங்கடம் மட்டும்தான். பதில் சொல்பவர் மறுநாள் அதே டேபிளில் போய் நிற்க வேண்டும்.